ஒட்டகமும் விறகும்

பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம் என்றொரு நெய்தல் நகர் வருகிறது. இன்று உப்பளங்கள் பரந்து கிடக்கும் மரக்காணமே அது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கே கடலலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கிடந்தன என்கிறார் புலவர் நல்லூர் நத்தத்தனார். உளி படவில்லை, கைகூடப் படவில்லை. ஒரு பார்வை பட்டது, கட்டை ஒட்டகமாயிற்று.

ஆனால் அதே பகுதியில் நுளையர் மகளொருத்தி அக்கட்டைகளையே தீயிலிட்டுக் கள்ளைப் பக்குவப்படுத்துகிறாள். (கள் என்றதும் முகம் சுளிக்கும் அன்பர்கள் சங்ககாலத்தைப் பொறுத்தருள்க.) புலவருக்கு அது உவமை, அவளுக்கு விறகு. இவ்விருவருள் அக்கட்டையை உள்ளவாறு கண்டவர் யார்?

கலையார்வலர் புலவரையே சுட்டுவர். அவ்வளவு எளிதில் நான் அதற்கு உடன்படேன். 'கழிவு', 'பயனற்றது' என்னும் சொற்களைத் தாராளமாக வழங்குவோர் பெரும்பாலும் அடுப்புக்கு விறகு தேட வேண்டாதவர்கள். கரையொதுங்கிய கட்டையை வரவேற்பறைக்கு அணியாக எடுத்துச் செல்கையில், அது எவர் வீட்டு ஒருவேளை உலைக்குரியதோ என்று கேட்பது கலைக்கு இழுக்காகாது.

எனினும் புலவரின் பார்வையும் வீணன்று. வங்க ஓவியர் அபனீந்திரநாத் தாகூர் (1871–1951) தம் முதுமையில் சுள்ளி, வேர், உடைந்த மரத்துண்டு ஆகியவற்றைப் பொறுக்கிச் சிற்றுருவங்கள் அமைத்தார். அவற்றைக் 'குட்டும் காட்டாம்' என்று அழைத்தார். துண்டில் ஏற்கெனவே ஒளிந்திருந்த உருவம் தெரியும் அளவுக்கே அவர் கை வைத்தார். ஒன்றுமில்லாமையினின்று படைத்தல் இறைவனுக்கே உரியது என்பார் புனித தோமா அக்குவினா. பிற கலைஞர் இதை மறந்துவிடக் கூடும். குனிந்து பொறுக்குபவருக்கோ மறக்க வழியில்லை. பாதி வேலையை மழையும் அலையும் உப்புநீரும் முன்னரே முடித்து வைத்திருக்கின்றன.

கண்ணும் அடுப்பும் ஒரே கரையில் சேர்ந்ததும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலைக்குப் பின், மரக்காணத்துக்குத் தெற்கே ஆரோவில்லில் உபாசனா நிறுவனம், தையலில் மிஞ்சிய துணித்துண்டுகளால் விரலளவுப் பொம்மைகள் செய்ய மீனவப் பெண்களுக்குக் கற்பித்தது. 'சுனாமிகா' எனப் பெயரிட்ட அப்பொம்மைக்கு விலை வைக்கவில்லை. அது அன்பளிப்பாகவே வழங்கப்பட்டது. செய்தவர்க்குரிய கூலி நன்கொடைகளிலிருந்து வந்தது. நத்தத்தனார் பாட்டில் கண்டவர் ஒருவர், அடுப்பெரித்தவர் வேறொருவர். இங்கே எறிய வேண்டிய துண்டுக்குக் கண்ணும் முகமும் வைத்தவளே, மாலையில் வீடு திரும்பி உலையும் ஏற்றினாள்.