பசி கண்ட சுவையும் பந்தியின் அறமும்

ஈழத்துத் தமிழர் நாள்தோறும் வழங்கும் பாண், குசினி, மேசை, கதிரை என்னும் சொற்கள் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. அச்சொற்களின் தாயகத்து மேசையொன்று இன்று அறவியல் சார்ந்த வினாவொன்றை எழுப்புகின்றது. லிஸ்பன், போர்த்தோ முதலிய நகரங்களின் புதுமை நாடும் உணவகங்களிற் பழைய தவறணைகளின் சிறுதட்டு உணவுகள் புத்துருப் பெற்று வருகின்றன. ‘பெத்திஸ்கோ’ எனப்படும் அவ்வுணவுகள் மேசையின் நடுவே வைக்கப்படும்; சூழ்ந்திருப்போர் யாவரும் பகிர்ந்துண்பர். அவற்றோடு உள்நாட்டுத் திராட்சையில் வடித்த வைனும் பரிமாறப்படும். இவ்வுணவுகளுட் பல வறியோர் அடுக்களையிற் பிறந்தவை. இல்லாமை படைத்த உணவை வசதியுடையோர் விலைகொடுத்துச் சுவைத்தல் அறமாகுமா என்பதே வினா.

தென்பகுதியான அலென்தேஜோவின் ‘அசோர்டா’ இதற்குத் தக்க சான்றாகும். காய்ந்துபோன பாணை எறிய மனமில்லாதார், உள்ளி, கொத்தமல்லி, உப்பு ஆகியவற்றை இடித்து, ஒலிவ் எண்ணெயும் கொதிநீரும் வார்த்து, அதிற் பாணை ஊறவைத்து உண்டனர். மாவிற் தோய்த்துப் பொரித்த போஞ்சிக்காய்க்கு வழங்கும் பெயர் ‘தோட்டத்து மீன்குஞ்சுகள்’ என்பதாகும். மீனில்லாத் தட்டைப் பெயராலாயினும் நிறைத்துக்கொண்ட நகையுணர்வு அதிற் புலனாகின்றது. உப்பிட்டுலர்த்திய கொட்மீனோ போர்த்துக்கல்லின் கரையோரக் கடலுக்குரியதன்று. தொலைவிலுள்ள நியூபவுண்லாந்துக் கடற்பரப்பில், 1970கள் வரையிலும், தாய்க்கப்பலிலிருந்து சிறுதோணிகளில் தனித்தனியே இறங்கிய மீனவர் தூண்டிலிட்டு அதனைப் பிடித்தனர். வைனுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. தோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் திராட்சை நிலங்களுக்கு 1756இல் எல்லை வகுப்பித்த அமைச்சர் பொம்பாலின் பெயரை வரலாறு அறியும். செங்குத்தான பாறைச் சரிவுகளிற் கல்லடுக்கிப் படிநிலங்களை ஆக்கிய எண்ணற்ற கூலியாளரின் பெயர்களை அது அறியாது.

இவ்வுணவுகள் உயர்ந்த விலைக்கு விற்கப்படுவதைக் கண்டிப்போர், வறுமை அழகுப்பொருளாக்கப்படுகின்றது என்பர். ஆதரிப்போர், மறைந்துபோகவிருந்த உணவுகள் காக்கப்படுகின்றன என்றும், உள்நாட்டு வைனைத் தேடிக் கொள்வதாற் சிறு விவசாயி வாழ்கின்றான் என்றும் கூறுவர். இரு கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டும் தட்டையே நோக்குகின்றன. தட்டின் பின்னாலுள்ள கைகளை நோக்கவில்லை.

பாணுக்குரிய கோதுமை விளைந்த அதே அலென்தேஜோவிலே, பலெய்சாவ் என்னும் ஊரில், 1954ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், கூலியுயர்வு கேட்டுச் சென்ற அறுவடைத் தொழிலாளியான கத்தரீனா யுபேமியா காவற்படை அதிகாரியொருவராற் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் கேட்டது சுவையான பாணையன்று. பாண் வாங்கப் போதிய கூலியையே. 1974 ஏப்ரல் 25இற் சர்வாதிகாரம் வீழும்வரை அப்பகுதியின் பெருநிலங்கள் பெரிதும் ஒருசிலர் வசமே இருந்தன. இவற்றை மறந்து அசோர்டாவை ‘எளிமையின் அழகு’ எனப் புகழ்வது பொய்யாகும். விரும்பி மேற்கொள்ளும் எளிமை வேறு. திணிக்கப்பட்ட இல்லாமை வேறு.

ஆயின் அவ்வுணவை உண்ணலாகாது என்பதும் பொருந்தாது. பசியைப் போற்றுதல் வேறு. பசியிலும் அழியாத மனித அறிவைப் போற்றுதல் வேறு. காய்ந்த பாணிற் சுவை கண்டவள் இரங்கத்தக்கவள் மட்டுமல்லள். அவள் ஒரு கலைஞர். அவளது கண்டுபிடிப்பை அறிந்து சுவைப்பவர் அவளுக்குரிய மதிப்பை ஓரளவேனும் அளிக்கின்றார். சுவை எவர்க்கும் தனியுடைமையன்று. ஆனால் சுவைத்தவர்க்கு ஒரு கடன் உண்டு.

அக்கடன் இறந்தோரை நினைவுகூர்வதோடு தீர்வதில்லை. அலென்தேஜோவின் கரையோரப் பகுதியான ஒதெமிராவிற் பழங்களும் மரக்கறிகளும் விளையும் கூடாரப் பண்ணைகளில் நேபாளம், இந்தியா, பங்களாதேஷ் முதலிய நாடுகளிலிருந்து சென்ற தொழிலாளர் பலர் உழைக்கின்றனர். 2021இற் கொரோனாத் தொற்றினால் அங்கு இரு ஊர்ப்பிரிவுகள் முடக்கப்பட்டபோதே, அவர்கள் நெருக்கமான அறைகளில் அடைந்து வாழ்ந்த நிலை நாடெங்கும் பேசப்பட்டது. நேற்றைய வறியோரின் உணவை மேசைமீது வைத்துப் போற்றும் ஒரு சமூகம், இன்றைய வறியோரைக் கண்ணிற்படாத் தொலைவில் வைத்திருக்குமாயின், அப்போற்றுதல் எத்தன்மையது?

எனவே வினாவின் விடை தட்டில் இல்லை, விலைப்பட்டியலிலும் இல்லை. விளைவித்தோரும் சமைத்தோரும் பரிமாறுவோரும் தத்தம் உழைப்பின் பயனைக்கொண்டு அதே மேசையில் அமர இயலுமா என்பதே உரைகல்லாகும். பகிர்ந்துண்ணும் பண்பு மேசையின் விளிம்போடு முடிந்துவிடுமாயின், அது வெறும் பரிமாறும் முறையே. அதனை அப்பாலும் கொண்டுசெல்லும்போதுதான் அது அறமாகின்றது.