சுமையின் கணக்கு

சென்ற மாதம் என் வீட்டு மாடியில் ஓர் அறை கட்டினேன். 'கட்டினேன்' என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் செய்ததெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடி, சித்தாள் ஒருத்தி கலவைப் பாண்டைத் தலையில் வைத்துப் படியேறுவதை எண்ணிக்கொண்டிருந்ததுதான். மாடி வேலையாயிற்றே, மேஸ்திரி பேசிய கூலிக்கு மேல் ஏதாவது போட்டுக் கொடுங்கள் என்று முதல் நாளே அவள் கேட்டிருந்தாள். பழகிய உடம்புக்கு இதில் என்ன பெரிய சிரமம் என்பது என் கட்சி.

என் கட்சிக்குச் சாட்சியும் கிடைத்தது. கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்களைச் சுமையோடு நடக்கவிட்டு, அவர்கள் செலவிடும் பிராணவாயுவை அளந்த ஆராய்ச்சி ஒன்று 1986-இல் வெளியாயிற்று. தங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்தபோது, வெறுமனே நடப்பதைவிட அவர்களுக்குச் சக்தி கூடுதலாகச் செலவாகவில்லையாம்! நடை என்பது ஊசலாட்டம் போன்றது. ஒவ்வோர் அடியிலும் உடல் எழும்பித் தாழ்கிறது. தாழும்போது கிடைப்பதில் ஒரு பகுதி அடுத்த எழுச்சிக்கு உதவுகிறது. சுமை ஏறியதும் அந்தப் பெண்களுக்கு இந்தச் சிக்கனம் இன்னும் நன்றாகக் கைவருகிறது.

ஆனால் அது சமதரையில். படிக்கட்டில் பூமி தன் பாக்கியை விடாது. அதையும் போட்டுப் பார்த்தேன். 15 கிலோ பாண்டு, 10 அடி உயரம், 100 நடை. தசை தான் செலவழிப்பதில் ஏறக்குறையக் கால் பங்கைத்தான் வேலையாக்கும். மீதி உஷ்ணமாகப் போய்விடும். அப்படியும் சுமையை ஏற்றியதற்கு 40 கிலோ கலோரி சொச்சம்தான். ஒரு சின்ன இட்லி! தன் உடம்பையும் சேர்த்துத்தானே அவள் ஏற்றினாள் என்று கேட்காதீர்கள். அன்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் குரூர சந்தோஷத்தோடு ஆராய்ச்சிக் கட்டுரையை மறுபடி புரட்டினேன். கிகுயுப் பெண்கள் நெற்றியில் வார் மாட்டிச் சுமையைத் தாங்குகிறார்கள். அதனால் பலருக்கு மண்டை ஓட்டில் நிரந்தரமாகப் பள்ளம் விழுந்துவிடுகிறது என்ற செய்தி ஆரம்பத்திலேயே இருந்தது. பிராணவாயுவை அளந்த கருவிக்கு அந்தப் பள்ளம் தெரியாது. கழுத்து அசையாமல் பாரம் தாங்குவதற்கு இயற்பியலில் 'வேலை' என்ற பெயர்கூட இல்லை.

மறுநாள் காலை, கூலியைக் கூட்டித் தருவதாக அவளிடம் சொன்னேன். சும்மாட்டைச் சரிசெய்துகொண்டே, "ஒரு கை தூக்கி விடுங்க சார்" என்றாள். தூக்கிவிட்டேன். மணிக்கட்டில் சுரீரென்றது.

பாண்டு தலையில் நிலைகொண்டதும் கேட்டாள்: "போன வாரத்துக்கும் சேர்த்தா சார்?"

அதை நான் நினைத்திருக்கவில்லை.