நோன்பு தீர்க்காத கடன்

உண்ணாதிருத்தல் எளிது, நம்மால் துன்புற்றவரின் வாயிற்படி ஏறிப் பொறுத்தருள வேண்டுதல் அரிது. யூத சமயத்தாரின் பெருநோன்பு நாள் இவ்வுண்மையை நமக்கு நன்கு விளக்குகிறது.

அவர்தம் திஷ்ரி மாதத்துப் பத்தாம் நாள் 'யோம் கிப்பூர்' எனப்படும். பாவநிவர்த்தி நாள் என்பது பொருள். முதல் நாள் கதிரவன் மறையுமுன் தொடங்கி, மறுநாள் இரவு விண்மீன்கள் தோன்றும்வரை, ஏறத்தாழ 25 மணி நேரம் அவர்கள் உணவும் நீரும் கொள்வதில்லை. நீராடுதலும், எண்ணெய் பூசுதலும், தோற்செருப்பு அணிதலும் விலக்கு. ஆயினும் உயிருக்கு ஊறு நேரும் நிலையிலுள்ள நோயாளி உண்ணவே வேண்டும் என்பது விதி. வழிபாட்டில் பாவ அறிக்கையைத் தனி ஒருவர் தமக்காக மட்டும் கூறாது, 'நாம்' எனப் பன்மையில் அனைவரும் மார்பில் தட்டிக்கொண்டு பன்முறை ஓதுவர்.

கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற 'மிஷ்னா' என்னும் அறநூல் இங்கு ஒரு வரையறை செய்கிறது. இறைவனுக்கு எதிரான பிழையை அந்நாள் தீர்க்கும். மனிதர்க்கு இழைத்த பிழையையோ, அவரை நேரில் அமைதிப்படுத்தும்வரை அந்நாளும் தீர்க்காது.

இறைவன் அருளாளன் ஆயின், அவனே பொறுத்தருளலாகாதா என வினவலாம். ஒருவரிடம் பட்ட கடனை மற்றொருவர் தள்ளுபடி செய்ய இயலுமா? பொறுக்கும் உரிமை புண்பட்டவர்க்கே உரியது. மன்னிப்பு அருளும் இறைவனை ஏற்காது, வினைப்பயனையே நம்பும் நாமும் இவ்விடத்தில் அவர்களோடு உடன்படுகிறோம்.

புண்பட்டவர் இணங்காராயின்? மூவரை உடனழைத்துக்கொண்டு மும்முறை சென்று வேண்டுக. அதன்பின்னும் மறுப்பாராயின் பழி அவரையே சாரும் என்று 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் விதித்தார். அவர் இறந்துபட்டிருப்பின், பத்துப்பேரை அவர்தம் கல்லறைக்கு அழைத்துச் சென்று அங்கே பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் கல்லறை மறுமொழி கூறுவதில்லை. ஆகவே காலந்தாழ்த்துதலும் ஒரு பிழையேயாகும்.

எல்லா உயிர்களிடத்தும் பொறை வேண்டும் நாம், வரப்புத் தகராறால் பேச்சற்றுப்போன உடன்பிறந்தாரின் வீட்டை மட்டும் தலைகுனிந்து கடந்து செல்கிறோம். எண்ணற்ற உயிர்களிடம் வேண்டுவதில் நமக்கு நாணமில்லை. அந்த ஒருவரிடம் வேண்டவே நாணுகிறோம். அடுத்த நோன்பிற்கு முன், அவ்வீட்டின் கதவைத் தட்டுவோமாக.