சாணை பிடிக்க ஒரு மெஷின்

காலண்டர் மாட்ட வருஷத்துக்கு நாலு ஓட்டை போடுகிறவரா நீங்கள்? அப்படியானால் டிரில் பிட்டைச் சாணை பிடிக்கும் மெஷின் உங்களுக்கு வேண்டாம். முனை மழுங்கினால் கடைக்குப் போய் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள். விஷயம் முடிந்தது.

முடியாத இடமும் இருக்கிறது. கோயமுத்தூர் கணபதியில் சின்னதாகப் பட்டறை நடத்துகிற நண்பர் ஒருவர் இந்த மெஷினுக்குக் கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார். விலை 40,000 ரூபாய். வாங்கலாமா, வேண்டாமா? என்னோடு பி.காம். படித்தவர்தான், ஆனாலும் கணக்கு என்று வந்தால் என்னைத்தான் கேட்பார்.

கணக்கு சுலபம். ஒரு நாளைக்கு 20 பிட். கையால் பிடித்தால் ஒன்றுக்கு மூணு நிமிஷம், மெஷினில் ஒரு நிமிஷம். மிச்சம் 40 நிமிஷம். மணிக்கு 150 ரூபாய் கூலி என்றால் தினம் 100 ரூபாய். 400 வேலை நாளில் போட்ட பணம் திரும்பிவிடும். வாங்கிப் போடுங்க சார் என்று எந்த ஆடிட்டரும் சொல்வார்.

ஆனால் நண்பர் வாங்க நினைத்தது அந்த 40 நிமிஷத்துக்காக இல்லை. பேச்சுவாக்கில் உண்மை வெளியே வந்தது. ''அண்ணன் ரெண்டு நாள் லீவு போட்டா டிரில்லிங் நின்னு போகுதப்பா!''

அண்ணன் என்றால் பட்டறையின் மூத்த ஃபிட்டர். அங்கே கிரைண்டரில் பிட்டைச் சரியாகச் சாணை பிடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். (கிரைண்டர் என்றதும் இட்லி மாவை நினைத்துவிடாதீர்கள். இது சுழலும் சாணைக்கல்.) சாதாரண வேலைக்கு முனைக்கோணம் 118 டிகிரி இருக்கவேண்டும். அதாவது ஒவ்வொரு பக்கமும் 59. இரண்டு வெட்டு விளிம்பும் ஒரே நீளம். விளிம்புக்குப் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிட் வெட்டாது, தேய்க்கும். ஒரு விளிம்பு நீண்டுவிட்டால் 10 மில்லி பிட் 10 மில்லியைவிடப் பெரிய ஓட்டை போடும். ஜாப் ரிஜெக்ட். அளவுத்தகடு வைத்துப் பார்க்கலாம்தான். அண்ணன் வெளிச்சத்தில் தூக்கி ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

இந்த வித்தையை அவர் யாருக்கும் கற்றுத்தரவில்லை. ஹெல்பர் பையன் பக்கத்தில் வந்தால் முதுகைத் திருப்பிக்கொள்வாராம். நண்பருக்கு இதில் பயங்கரக் கோபம். எனக்குக் கோபம் வரவில்லை. சேமிப்பு இல்லாத மனுஷர், அந்த வித்தையையே பி.எஃப். மாதிரி வைத்திருக்கிறார். ஊருக்குப் பொதுவாகப் பிரித்துக் கொடு என்றால் கொடுப்பாரா? நீங்கள் கொடுப்பீர்களா?

இது இன்றைய சண்டை இல்லை. 1900-ஐ ஒட்டி அமெரிக்காவின் பெத்லஹெம் ஸ்டீல் கம்பெனியில் ஃபிரெடரிக் டெய்லர் என்பவரும் மான்செல் ஒயிட் என்பவரும் வெட்டுக் கருவி எஃகைப் பதப்படுத்தப் புது முறை கண்டார்கள். இன்று பிட்டின் மேல் பொறித்திருக்கும் ஹெச்.எஸ்.எஸ்., அதாவது ஹை ஸ்பீட் ஸ்டீல், அந்த வழியில் வந்ததுதான். அதே டெய்லர்தான் தொழிலாளி தன் கருவியைத் தானே சாணை பிடிக்கக்கூடாது, அதற்குத் தனி அறை, தனி ஆள், தனி மெஷின் வேண்டும் என்று வாதாடினார். யோசிக்கும் வேலை ஆபீசுக்கு, செய்யும் வேலை பட்டறைக்கு என்பது அவர் கட்சி. உற்பத்தி கூடியது. தகராறும் கூடியது. அவருடைய முறையில் ஸ்டாப் வாட்சோடு வந்து நின்றதும் 1911-ல் வாட்டர்டவுன் ராணுவத் தொழிற்சாலையின் வார்ப்படத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போனார்கள். ஒன்றை மறக்காமல் சொல்லவேண்டும், கூலியைக் கூட்டிக் கொடுங்கள் என்றும் டெய்லர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்தை மட்டும் பல முதலாளிகள் புரட்டவில்லை.

அதற்காக மெஷினே கூடாது என்று சொல்லமாட்டேன். அண்ணனுக்கும் ஜுரம் வரும், வயசாகும். ஒரே ஆளின் முழங்கையில் ஒரு பட்டறையே தொங்குவது அவருக்குமே நல்லதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. நம் வரிச் சட்டத்தில் மெஷினுக்குப் பொதுவாக வருஷம் 15 சதவீதம் தேய்மானம் உண்டு. முப்பது வருஷமாகச் சாணைக்கல் முன்னால் நின்ற கண்ணுக்கும் கைக்கும்? பாலன்ஸ் ஷீட்டில் அந்தச் சொத்து ஏறவே இல்லை. ஏறாத சொத்தை எடுத்துக்கொண்டால் எடுத்ததாகவும் தெரியாது.

மெஷின் வந்தாலும் மழுங்கியது எது, எரிந்தது எது, ஓட்டை ஏன் பெரிசாகிறது என்று பார்க்கக் கண் வேண்டும். அதனால் நண்பரிடம் சொன்னேன்: ''வாங்கு. ஆனா அண்ணன்கிட்ட முதல்லயே சொல்லிட்டு வாங்கு. மெஷினை அவர் பொறுப்பில விடு. பையன்களுக்குச் சொல்லித்தர்ற வேலைக்குத் தனியா சம்பளம் போடு. 401-வது நாள்லேர்ந்து மிச்சமாகுற 100 ரூபாய்ல பாதி அவருக்கு.''

''பாதியா?'' என்றார்.

''முழுசும் உனக்குன்னா, எதனாலன்னு சொல்லு.''

கால்குலேட்டரை எடுத்தார். ரொம்ப நேரம் அழுத்திக்கொண்டே இருந்தார்.