பித்ரா அரிசியை எப்படி அளப்பது?

நோன்புப் பெருநாள் நெருங்கினால் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் அரிசிக் கடைகளில் ஒரே கேள்வி: பித்ராவுக்குத் தலைக்கு எத்தனை கிலோ? வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்காகவும், பெருநாள் தொழுகைக்கு முன், ஊரின் பிரதான உணவில் ஒரு ஸாஉ ஏழைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. ஸாஉ எடையல்ல, கொள்ளளவு. நடுத்தர உடலமைப்புள்ள ஒருவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் கொள்வது ஒரு முத்து. நான்கு முத்து ஒரு ஸாஉ. இதைக் கிலோவாக்கிய அறிஞர்கள் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலிருந்து மூன்று கிலோ வரை வெவ்வேறு கணக்குகள் சொல்லியிருக்கிறார்கள். ஒரே கடமைக்கு இத்தனை எண்களா என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. கடமை ஒன்றுதான், நம் மதிப்பீடுகள்தாம் பல. அந்த மதிப்பீட்டில் ஐயம் எழுகிற இடத்தில் மிகுதி வாங்குபவர் பக்கமே விழ வேண்டும் என்பது என் வாதம்.

கொள்ளளவை எடையாக்கும் சிக்கல் சமைப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். சமையல் குறிப்பில் கிராமில் சொன்ன கோதுமை மாவைக் கோப்பையால் அளந்து பாருங்கள். சலித்த மாவைக் கரண்டியால் இட்டு நிரப்பினால் ஓர் எடை. பைக்குள் கோப்பையை விட்டு அழுத்தி அள்ளினால் அதே கோப்பையில் வேறோர் எடை. ஒரு லீற்றர் பாத்திரம் ஏறக்குறைய 800 கிராம் அரிசி கொள்ளும். சலித்த மா என்றால் 600 கிராமைக்கூட எட்டாது. அரிசியிலும் எல்லாம் ஒன்றல்ல. படுவான்கரையில் விளைந்து வாவியைக் கடந்து வருவதில் சிறுமணிச் சம்பா நெருங்கிப் படியும், பெருமணி நாட்டரிசி இடைவெளி விட்டு நிற்கும். சுண்டு என்னும் அளவுப் பாத்திரத்தை நிரப்பி அப்படியே தலைதட்டினால் ஓர் அளவு. இரண்டு தரம் குலுக்கி, இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் இட்டுத் தலைதட்டினால் அதைவிடக் கூட. கூம்பாகக் குவித்தால் அதற்கும் மேல். சுண்டாலும் கொத்தாலும் அளந்து வாழ்ந்த தலைமுறைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மார்க்கச் சட்ட அறிஞர்களும் இதைக் கண்டிருந்தார்கள். இமாம் அபூ ஹனீஃபாவின் கணக்கில் ஸாஉ, ரத்ல் என்ற பழைய எடை அலகில் எட்டு. அவருடைய மாணவர் அபூ யூசுஃப் மதீனாவுக்குப் போய் விசாரித்தபோது, ஐம்பது பேரளவில் முதியவர்கள் தத்தம் தந்தையர் வழியாக வந்த ஸாஉப் பாத்திரங்களைக் கொண்டுவந்து காட்டினார்கள் என்றும், அவற்றை ஒப்பிட்டபின் அவர் மதீனாவாசிகளின் ஐந்தும் மூன்றிலொரு பங்கும் ரத்ல் என்ற கணக்குக்கு மாறினார் என்றும் பதிவு உண்டு. பெரும் நீதிபதி ஒருவர் ஆசிரியரின் கணக்கை விட்டது வீட்டுப் பாத்திரங்களின் சாட்சியத்தால். இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர், 13ஆம் நூற்றாண்டின் இமாம் நவவி, எடைக் கணக்கைத் தந்துவிட்டுத் தானியத்துக்குத் தானியம் எடை மாறும் என்பதால் கொள்ளளவே அடிப்படை என்ற கருத்தைச் சரியெனக் கொள்கிறார். நபிகாலத்து அளவுப் பாத்திரம் கிட்டாதவர், அதற்குக் குறையாது என்று உறுதியாகத் தெரிந்த அளவைக் கொடுக்க வேண்டும் என்கிறார் அவர். என் வாதத்தின் வேர் இதுதான். குர்ஆனின் 83ஆவது அத்தியாயமும் தமக்கு நிறைவாக அளந்து வாங்கிப் பிறருக்குக் குறைத்து அளப்பவர்களைக் கண்டித்தே தொடங்குகிறது.

கைப்பிடியைவிடத் தராசு நியாயமானது அல்லவா என்று கேட்கலாம். தட்டில் வைத்த அரிசியின் எடையைத் தராசு பிசகாமல் சொல்லும். ஸாஉ எத்தனை கிலோ என்பதை அது சொல்லாது. அதை முன்கூட்டியே மதிப்பிட்டவர்கள் மனிதர்கள். ஆனாலும் தராசு வேண்டும். குலுக்காமல் தலைதட்டும் கையிலிருந்து ஏழையைக் காப்பது அதுவே. வணக்கத்தில் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்பது அடுத்த மறுப்பு. தொழுகையின் ரக்அத்துக்கு அது பொருந்தும். இங்கே கூடிய பிடி விருப்பத் தர்மமான ஸதகாவாகச் சேரும், குறைந்த பிடியோ கடமையை நிறைவேறாமல் விட்டுவிடும். இரண்டு பிழைகளும் சமமல்ல.

வாவியில் வலை வீசிப் பிழைப்பவரின் வீட்டில் ஆறு பேர் என்றால், தலைக்கு 400 கிராம் கூடினாலும் 2 கிலோ 400 கிராம் கூடிவிடுகிறதே என்ற மறுப்புத்தான் கனமானது. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் குடும்பத்துக்கு வேண்டியது போக மிச்சமில்லாதவர் மீது பித்ரா கடமையே இல்லை. அவர் வாங்க வேண்டியவர். மிச்சம் சிறிதே உள்ளவர், தகுதியான அறிஞர் சொன்ன குறைந்த கணக்கை நம்பிக் கொடுத்தால் அவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. நான் கேட்பது, மூட்டை மூட்டையாக வாங்கிப் பங்கிடும் வசதியுள்ளவர்களிடமும், பெருநாளுக்கு முன் அளவை அறிவிக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும். கிலோவை மட்டும் சொல்லாமல், அது எந்த அரிசிக்கு, எந்தக் கொள்ளளவிலிருந்து கணக்கிட்டது என்பதையும் அறிவிப்பில் சேர்க்கட்டும்; சம்பா கொடுப்பவருக்கும் நாட்டரிசி கொடுப்பவருக்கும் ஒரே எண் என்றால், அந்த எண் கனமான அரிசிக்குப் போட்ட கணக்காக இருக்கட்டும்.