திருவிளையாட்டு என்னுஞ் சொல்

விளையாட்டு என்னுஞ் சொல், சிறார் தெருவிற் கூடியாடுதற்கும், இறைவன் உலகினைப் படைத்துக் காத்து அழித்தற்கும் ஒருங்கே வழங்குவது. ஒரு சொல் இவ்விரண்டற்கும் பொருந்துமாறு எங்ஙனம் என்பது ஆராயத்தக்கது.

இச்சொல் மிகப் பழையது. தொல்காப்பியனார் உரியியலிற் கெடவரல், பண்ணை என்னும் இரண்டற்கும் விளையாட்டென்றே பொருள் கூறினார்; மெய்ப்பாட்டியலில் உவகை தோன்றும் நான்கனுள் இதனையும் ஒன்றாக வைத்தார். இதன்கண் உள்ள ஆடுதல் என்பது அசைதல், கூத்து, நீரிற் படிதல் எனப் பல பொருள் பயப்பது. பந்தாடுஞ் சிறுமியும் அம்பலத்தாடும் பெருமானும் ஒரே வினையாற் சுட்டப்படுதல் இதனாலாம். மாணிக்கவாசகர் அம்மானை, சாழல், உந்தி, ஊசல் முதலிய மகளிர் விளையாட்டுக்களையே பாடல் வடிவாகக் கொண்டனர். மெய்கண்ட சாத்திரம் 14-னுள் ஒன்றாகிய திருவுந்தியாரும் விளையாட்டொன்றாற் பெயர் பெற்றதே.

இனி, ஈண்டு ஒரு தடை நிகழும். பிணியால் வருந்துங் குழவியும், அதனை இழந்து அரற்றுந் தாயும் ஒருவனது பொழுதுபோக்கின் பொருட்டாயின், அவனை அருளுடையான் என்றல் யாங்ஙனம்? ஈசலின் சிறகைப் பறித்து மகிழுஞ் சிறுவன் செய்வதும் விளையாட்டன்றோ?

இதற்கு விடை சிவப்பிரகாசத்துள் உளது. ஐந்தொழிலை விளையாட்டென்று சொல்லினும், துன்பக் கடலினின்றும் உயிர்களை எடுத்து அருள்புரிதலே அவற்றிற்கு ஏது என்பர் உமாபதி சிவாசாரியர். ஆகவே, விளையாட்டு என்றது செய்யும் எளிமையைக் குறித்ததேயன்றிச் செயலின் நோக்கத்தைக் குறித்ததன்று. இறைவனுக்கு இத்தொழிலில் வருத்தமும் இல்லை. தனக்கென ஊதியமும் இல்லை. பயன் முழுதும் உயிர்க்கே. துன்பத்தின் வேரோ அநாதியே உயிரைப் பற்றிய மலம். அது இறைவன் ஆக்கியதன்று.

தளர்நடைக் குழவியை நடை பயிற்றுந் தந்தை சற்றே எட்டி நின்று கை நீட்டி அழைக்கின்றான். குழவி விழுகின்றது, அழுகின்றது, மீண்டும் எழுகின்றது. தந்தைக்கு அஃது எளியதோர் விளையாட்டு; நடை கைவந்த பயனோ குழவிக்கே உரியது. சிறகு பறிக்குஞ் சிறுவனுக்கும் இவனுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

மதுரையில் நிகழ்ந்தனவாகப் பரஞ்சோதி முனிவர் பாடிய 64 திருவிளையாடல்களையும் நோக்குக. தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்குத் தாயாய் வந்து முலை கொடுத்ததும் விளையாடல் எனப்பட்டது. வந்தி என்னும் முதியவளுக்காகக் கூலியாளாய் மண் சுமந்து, பாண்டியன் பிரம்படியைத் தன் முதுகில் ஏற்றதும் விளையாடல் எனப்பட்டது. பிறரை வருத்தித் தான் மகிழ்தல் அவ்விடத்து யாண்டும் இல்லை. பிறர் சுமையைத் தான் சுமத்தலே உளது.

ஆதலின், அயலான் துயருறக் கண்டுழி, 'எல்லாம் ஈசன் விளையாட்டு' என்று கூறிக் கைகட்டி நிற்பவன் அச்சொல்லின் பொருளை அறிந்தவனல்லன். அவ்விளையாட்டிற் சேர விரும்புவோன் முதற்கண் ஒரு கூடை மண்ணையேனும் தன் தலையில் ஏற்றல் வேண்டும்.