நடுவில் இருக்கும் திரை

மகளுக்கு நீச்சல் வகுப்பு 45 நிமிடம். அதுவரை வெளியே காரில் உட்கார்ந்து வேலை பார்ப்பது என் வழக்கம். மடியில் 13 அங்குல லேப்டாப். எதிரே 15 அங்குலத் தொடுதிரை சும்மா கிடக்கிறது. எஞ்சினியர் புத்திக்கு அது உறுத்தாமல் இருக்குமா?

ஒரு சனிக்கிழமை முழுக்க அதற்கே போனது. இன்னொரு மானிட்டர் இருப்பதாக லேப்டாப்பை நம்பவைக்க ஒரு விர்ச்சுவல் டிஸ்ப்ளே டிரைவர். இல்லாத அந்த மானிட்டரில் தெரிவதைச் சுருக்கி, வயர் இல்லாமல் காரின் பிரவுசருக்கு அனுப்ப ஒரு சின்ன புரோகிராம். மௌஸை நகர்த்தினால் அம்பு கொஞ்சம் தாமதித்துத்தான் வரும். லாக் பார்க்க அது போதும்.

ஒரே சிக்கல், வண்டி நகர்ந்தால் என் காரில் வீடியோ நின்றுவிடும். அதற்கும் வழி கிடைத்தது. வீடியோவாக அனுப்பாமல், நொடிக்குப் பத்துத் தனிப் படங்களாக அனுப்பினேன். காரைப் பொறுத்தவரை அது வெறும் இணையப் பக்கம். விதியை மீறவில்லை என்றே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஃப்ரீமான்ட்டிலிருந்து மான்டெரே போனோம். மனைவி ஓட்டினாள். புரொடக்‌ஷனில் ஏதோ படுத்துவிட்டது. லாக்கைக் கார் திரையில் ஓடவிட்டு, லேப்டாப்பில் கோடைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் பயணிதானே, எனக்கென்ன தடை?

“அந்தச் சிவப்பு எழுத்தெல்லாம் என்னப்பா? பெரிய பிரச்சினையா?” என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. அவள் அதைப் படித்துக்கொண்டிருக்கிறாள். 60 மைல் வேகத்தில் கார் நொடிக்கு சுமார் 27 மீட்டர் போகும். இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 54 மீட்டர் பார்க்காமல் ஓட்டியதாக அர்த்தம். உடனே அணைத்தேன்.

2021 டிசம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை இதே மாதிரி ஒன்றை விசாரித்தது. டெஸ்லா கார்களின் நடுத்திரையில், வண்டி ஓடும்போதும் கேம் ஆட முடிந்தது. ‘நான் பயணி’ என்று ஒரு பட்டனை அழுத்தினால் போதும். விசாரணை தொடங்கியதும் ஓட்டத்தில் கேமை நிறுத்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது, பொய் சொல்லும் டிரைவர்கள்தான் பிரச்சினை என்று நினைத்தேன். நான் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே பயணிதான். ஆனாலும் தப்பு நடந்தது. பட்டன் கேட்ட கேள்வியே தப்பு. யார் தொடுகிறார்கள் என்று அது கேட்டது. யார் கண்ணில் படுகிறது என்று கேட்கவில்லை.

‘அப்படியானால் காரில் பேசக்கூட கூடாதா? அதுவும் கவனத்தைக் கலைக்குமே’ என்று கேட்கலாம். கலைக்கும்தான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவனும் ரோட்டைப் பார்க்கிறான். லாரி குறுக்கே வந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவான். என் லாக் நிறுத்தாது. அதற்கு ரோடு தெரியாது. லேப்டாப்புக்குள் தலையைக் கவிழ்த்திருந்த எனக்கும் தெரியவில்லை.

நின்ற காரில் நான் செலவழிப்பது என் கவனத்தை. ஓடும் காரில், கேட்காமலே அவளுடையதை எடுத்துச் செலவழித்தேன். பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு நஷ்டமில்லாத வரை அனுமதியைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை.

வீடு திரும்பியதும் மூன்று வரி சேர்த்தேன். போனின் ஜிபிஎஸ் வேகம் காட்டினால் திரை கறுத்துவிடும். எழுதியவன் நான், நினைத்தால் அரை நிமிடத்தில் நீக்கலாம். அடுத்த முறை புரொடக்‌ஷன் படுக்கும்போது நீக்காமல் இருக்கிறேனா என்று பார்க்க வேண்டும்.